செஸ் கற்றால் கணக்கு வருமா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வாசலில் நோட்டீஸ் கொடுப்பவர்கள் வந்துவிடுகிறார்கள். அபாகஸ் வகுப்பின் நோட்டீஸில் மூளையின் இடப்பாதி ஒரு நிறம், வலப்பாதி இன்னொரு நிறம்; இரண்டும் ஒருசேர விழித்துக்கொள்ளுமாம். செஸ் வகுப்புக்குப் போனால் கணக்கு வரும். கீபோர்டு கற்றால் ஞாபகசக்தி கூடும். பரதம் கவனத்தைக் குவிக்கும். கராத்தே தன்னம்பிக்கை தரும். வரிசையாகப் படித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். செஸ் கற்றால் செஸ் நன்றாக ஆட வரும் என்றோ, கீபோர்டு கற்றால் நாலு பாட்டு வாசிக்கலாம் என்றோ எந்த நோட்டீஸும் சொல்வதில்லை.

பெற்றோரும் அதைக் கேட்பதில்லை. மாதக் கட்டணம், கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும் அலைச்சல், வண்டியிலேயே ஊட்டிவிடும் சிற்றுண்டி என இத்தனையும் செய்த பிறகு, ‘இது படிப்புக்கு உதவுமா?’ என்ற கேள்விதான் மனதில் நிற்கிறது. நியாயமான கேள்வி. அறிவியலும் இதை நூறாண்டுக்கு மேலாகக் கேட்டுவருகிறது. ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்தில் கைகொடுக்குமா என்பதே அதன் சாரம். ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் இது ‘பயிற்சி மாற்றம்’ என்ற பெயரில் வரும். இதுவரை கிடைத்திருக்கும் விடை நோட்டீஸ்களுக்குச் சாதகமாக இல்லை. ஆனால் குழந்தைகளுக்குச் சாதகமாக இருக்கிறது.

தசை போன்றதா மனம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய, அமெரிக்கப் பள்ளிகளில் லத்தீனும் யூக்ளிடின் வடிவியலும் கட்டாயம். லத்தீன் பேசுவதற்கு ஊரில் ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது மனத்துக்கு உடற்பயிற்சி, லத்தீன் இலக்கணத்தில் ஊறிய மாணவன் எதையும் கூர்மையாக யோசிப்பான் என்று நம்பினார்கள். தண்டால் எடுத்துத் தேறிய கை மூட்டையும் தூக்கும், மண்வெட்டியும் பிடிக்கும் அல்லவா, அப்படி.

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் தார்ன்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் 1901-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடச் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். செவ்வகத்தில் தேறியவர்களிடம் வேறு வடிவங்களையும் வேறு அளவுகளையும் கொடுத்தபோது, அந்தத் தேர்ச்சி முழுதாகக் கூட வரவில்லை. வடிவம் விலக விலகத் தேர்ச்சியும் தேய்ந்தது. பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் பொதுவான அம்சங்கள் எத்தனை உண்டோ அந்த அளவுக்கே பயிற்சி இடம் மாறும் என்பது அவர்கள் வந்துசேர்ந்த முடிவு. பொதுவான ‘மனத் தசை’ எதுவும் பருக்கவில்லை.

அதன் பிறகு லத்தீனின் இடத்தில் செஸ், அபாகஸ், இசை, கோடிங் என்று ஒவ்வொன்றாக வந்து அமர்ந்திருக்கின்றன. வாக்குறுதி மட்டும் அதேதான்.

அறுபத்து நான்கு கட்டங்கள்

தமிழ்நாட்டில் செஸ்ஸைக் குறைத்துப் பேசுவது ஆபத்தான காரியம். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் இங்கிருந்துதான் போனார். 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விஸ்வநாதன் ஆனந்தும், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷும் சென்னைக்காரர்கள். 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. ஆகவே முதலில் செஸ் வல்லுநரின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இது. நிஜமான ஓர் ஆட்டத்தின் நடுவில் காய்கள் நிற்கும் நிலையை ஐந்து நொடி மட்டும் காட்டினார்கள். பிறகு பலகையை மறைத்துவிட்டு, ‘நினைவிலிருந்து அடுக்குங்கள்’ என்றார்கள். கற்றுக்குட்டியால் நான்கு காய்களை வைக்க முடிந்தது. மாஸ்டர் பதினாறு காய்களைச் சரியான கட்டத்தில் வைத்தார். அபார நினைவாற்றல் என்று கைதட்டத் தோன்றும். அடுத்து அதே காய்களைக் கண்டபடி இறைத்து, எந்த ஆட்டத்திலும் வர முடியாத ஒரு நிலையைக் காட்டினார்கள். மாஸ்டரும் கற்றுக்குட்டியும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள்.

மாஸ்டரின் நினைவாற்றல் பொதுவானது அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. ராஜாவுக்குக் காவலாக நிற்கும் சிப்பாய்கள், ஒன்றையொன்று தாங்கும் குதிரையும் மந்திரியும் என்று ஆயிரக்கணக்கான அமைப்புகள் அவருக்குப் பழகிய முகங்கள். அவற்றைக் கூட்டமாகவே அடையாளம் காண்கிறார். பழகிய முகம் இல்லாத இடத்தில் அவரும் நம்மைப் போலத்தான். அந்த அமைப்புகள் பின்னக் கணக்கில் வருவதில்லை. அதனால் அங்கே உதவுவதும் இல்லை.

இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 100 தொடக்கப் பள்ளிகள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 4,000 பேருக்கு மேல். குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் பள்ளி நேரத்திலேயே 30 மணி நேர செஸ் வகுப்பு. ஓராண்டு கழித்து வந்த பொதுத் தேர்வில் இரு தரப்பின் கணக்கு மதிப்பெண்களையும் ஒப்பிட்டார்கள். 2016-ல் வெளியான முடிவு: வித்தியாசம் இல்லை. அறிவியலிலும் வாசிப்பிலும் அப்படித்தான்.

அப்படியானால் செஸ் ஆடும் பிள்ளைகள் கணக்கில் கெட்டியாக இருப்பதைக் கண்ணால் காண்கிறோமே என்று கேட்கலாம். காண்கிறோம்தான். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளையை செஸ் இழுக்கிறது. படிப்பில் அக்கறையுள்ள வீடு செஸ் வகுப்புக்கு அனுப்புகிறது. எது எதற்குக் காரணம் என்று பிரித்தறியத்தான் குலுக்கல் தேவைப்படுகிறது. யார் போக வேண்டும், யார் வேண்டாம் என்பதைப் பெற்றோரின் விருப்பத்திலிருந்து எடுத்துச் சீட்டுக்கு விட்டால், இரு குழுக்களுக்கும் இடையில் மிஞ்சும் வேறுபாடு வகுப்பினால் வந்தது மட்டுமே.

காற்றில் நகரும் மணிகள்

அபாகஸ் தேறிய பிள்ளை மனக்கணக்குப் போடுவதை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண் மேசையில் எங்கோ நிலைத்திருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் மேலும் கீழும் துடிக்கும். நம் ஊர் வகுப்புகளில் புழங்கும் ஜப்பானிய வகைச் சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குச் சட்டத்துக்கு மேலே ஒரு மணி, கீழே நான்கு. மேல் மணிக்கு மதிப்பு ஐந்து, கீழ் மணி ஒவ்வொன்றும் ஒன்று. ஏழு என்றால் மேல் மணி ஒன்றும் கீழ் மணி இரண்டும் குறுக்குச் சட்டத்தோடு ஒட்டி நிற்கும். பயிற்சி முற்றியதும் சட்டத்தை எடுத்துவிடுகிறார்கள். பிள்ளை மனதில் தெரியும் சட்டத்தில் மணிகளை நகர்த்தி, நாம் பேனாவைத் திறப்பதற்குள் கூட்டிச் சொல்லிவிடுகிறது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. குஜராத்தில் இத்தகைய பிள்ளைகளை ஆராய்ந்த மைக்கேல் ஃபிராங்க், டேவிட் பார்னர் இருவரும் கண்ட விஷயம் சுவையானது. நாம் மனக்கணக்குப் போடும்போது எண்களைச் சொற்களாக முணுமுணுக்கிறோம். அதனால் காதில் வேறு பேச்சு விழுந்து, நாமும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டிவந்தால் கணக்கு குலைந்துபோகும். அபாகஸ் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அவர்கள் எண்ணைப் படமாக வைத்திருக்கிறார்கள். கண்முன் தெரிவதைச் சற்று நேரம் பிடித்துவைக்கும் நினைவில் ஒரு சமயம் மூன்று நான்கு பொருள்களே நிற்கும். சட்டத்தின் ஒவ்வொரு கம்பியும் அங்கே ஒரு பொருள். மனிதரின் காட்சி நினைவுக்குள்ள வரம்புக்கு ஏற்பவே இந்தக் கருவி வடிவம் கொண்டிருக்கிறது.

சரி, மூளை விழித்ததா? பார்னர் குழுவினர் வடோதராவில் 204 தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு அபாகஸ், மறு பாதிக்கு அதே அளவு நேரம் வழக்கமான கூடுதல் கணக்குப் பயிற்சி. 2016-ல் வெளியான முடிவின்படி, எண்கணிதத்தில் அபாகஸ் பிள்ளைகள் முந்தினார்கள். ஆனால் நினைவாற்றல், கவனம் போன்ற அடிப்படைத் திறன்கள் இரு குழுவிலும் ஒன்றுபோலவே இருந்தன. தொடக்கத்திலேயே காட்சி நினைவு நன்றாக இருந்த பிள்ளைகளே அபாகஸில் அதிகம் தேறினார்கள் என்பதையும் கண்டார்கள். ஜப்பானில் ஹதானோ, ஒசாவா 1983-ல் வெளியிட்ட ஆய்வும் இதே கதைதான். அபாகஸ் மேதைகளால் நீண்ட எண் வரிசையைக் கேட்டவுடன் ஒப்பிக்க முடிந்தது. எழுத்துகளையோ பழங்களின் பெயர்களையோ கொடுத்தால் எல்லோரையும் போல ஏழெட்டோடு நின்றுவிட்டார்கள்.

ஆக, அபாகஸ் கூட்டல் கழித்தலை வேகமாக்குகிறது. அது வேண்டுமென்றால் நல்ல வகுப்பு. மூளையின் இரு நிறங்களும் நோட்டீஸோடு சரி.

பத்து நிமிட மொஸார்ட்

இசைக்கு வந்த புகழ் வேறு வகை. 1993-ல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களை மொஸார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்க வைத்தார்கள். உடனே வைத்த, காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற சோதனையில் அவர்களின் மதிப்பெண் கூடியது. கால் மணி நேரத்தில் அந்த ஏற்றம் கரைந்துபோனது. ஆய்வுக் கட்டுரை இவ்வளவுதான் சொன்னது. குழந்தைகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஐந்தாண்டு கழித்து ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார்.

பின்னாளில் கனடாவில் நான்டைஸும் ஷெல்லன்பர்க்கும் மொஸார்ட்டுக்குப் பதிலாக ஸ்டீபன் கிங் கதையைக் கேட்க வைத்தார்கள். கதை பிடித்தவர்களுக்குக் கதையிலும் அதே ஏற்றம் கிடைத்தது. பிடித்ததைக் கேட்டால் மனம் சுறுசுறுப்பாகிறது, மர்மம் அவ்வளவே.

கேட்பது வேறு, கற்பது வேறு. ஷெல்லன்பர்க்கே 2004-ல் அதையும் பார்த்தார். டொரன்டோவில் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரை நான்கு குழுவாகப் பிரித்து ஓராண்டு கீபோர்டு, வாய்ப்பாட்டு, நாடகம் கற்பித்தார். நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. அந்த வயதில் பள்ளிக்குப் போகத் தொடங்குவதாலேயே எல்லோருக்கும் நுண்ணறிவு மதிப்பெண் ஏறியது. இசை கற்றவர்களுக்கு ஏற்றம் 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4.3. வித்தியாசம் மூன்று புள்ளிக்கும் கீழே. நாடகக் குழந்தைகளிடம் வேறொன்று தெரிந்தது: பிறரோடு பழகும் விதம் மேம்பட்டிருந்தது. செய்தித்தாள்கள் இசையைத் தலைப்பாக்கின. நாடகத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. சாலாவும் கோபேயும் 2020-ல், ஏறத்தாழ 7,000 குழந்தைகளைக் கொண்ட 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, செம்மையாக வடிவமைத்த ஆய்வுகளில் இசையால் வரும் படிப்பு ஆதாயம் ஏறக்குறைய பூஜ்யம் என்று கண்டார்கள்.

ஆனால் இசைக்கு அருகில் இருக்கும் திறன்களில் பலன் உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் ஏழைக் குடியிருப்புகளில் இலவச இசைப் பயிற்சி பெற்ற ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளின் மூளை அலைகளை நீனா கிராஸ் குழு பதிவுசெய்தது. நெருக்கமாக ஒலிக்கும் இரு அசைகளை மூளை பிரித்தறியும் துல்லியம் அவர்களிடம் கூடியிருந்தது. ஓராண்டுப் பயிற்சியில் மாற்றம் இல்லை; இரண்டாம் ஆண்டு முடிவில்தான் தெரிந்தது. சுருதியையும் தாளத்தையும் காது பழகினால் பேச்சொலியையும் கூர்ந்து கேட்கிறது. தார்ன்டைக் சொன்ன அதே பொதுவான அம்சம். மூன்று மாதத்தில் கீபோர்டை மூட்டை கட்டிவிட்டு மிருதங்கத்துக்கும், அதைவிட்டு வயலினுக்கும் தாவும் வீடுகள் இந்த இரண்டாண்டுக் கணக்கைக் கவனிக்கலாம்.

பரவும் பலன் எங்கே?

கற்றது கற்ற இடத்திலேயே தங்குகிறது என்றால், எங்கும் பரவக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு. அது உடல் வழியாக வருகிறது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழு ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் 221 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்குப் பள்ளி விட்டபின் இரண்டு மணி நேர விளையாட்டுத் திட்டம், ஒன்பது மாதம். அதில் எழுபது நிமிடமாவது மூச்சு வாங்க ஓட்டம். மீதிப் பேர் காத்திருப்போர் பட்டியலில். முன்னும் பின்னும் வைத்த சோதனை எளிமையானது: வரிசையாக உருவங்கள் தெரியும், நடுவில் இருப்பது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தவை எதிர்ப்பக்கம் பார்த்துக் குழப்பும். அந்தக் குழப்பத்தை ஒதுக்கிவிட்டு வேண்டியதில் கண் வைப்பது மூளையின் முன்பகுதியின் வேலை. வகுப்பறையில் பக்கத்துப் பிள்ளையின் பேச்சை ஒதுக்கிப் பலகையைப் பார்ப்பதும் அதுதான். ஓடி ஆடிய குழந்தைகள் இதில் தேறினார்கள். அதிக நாள் வந்தவர்கள் அதிகம் தேறினார்கள். பிற ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பலன் காட்டவில்லை. ஆனால் ஓடியதால் படிப்பு கெட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இரண்டாவது, வெயில். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஆறு பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிட வெளிப்புற வகுப்பு. மற்ற ஆறில் பழையபடி. மூன்று ஆண்டு கழித்துக் கிட்டப்பார்வை வந்தவர்கள் வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதம், வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவீதம். காரணம் ஒளி. வகுப்பறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மரநிழலில்கூட அது ஆயிரக்கணக்கில். பிரகாசமான ஒளியில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கண்விழி அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். விழி நீண்டுவிட்டால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பே விழுந்துவிடும், பிறகு கண்ணாடிதான். ஆய்வு நடந்த நாட்டைவிட நமக்கு வெயில் தாராளம். பதினொரு மணிக்கு முன்னும் நான்கு மணிக்குப் பின்னும் மரத்தடியில் நடத்தும் எந்த வகுப்பும் கண்ணுக்கு நல்லது.

நம் பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வது ஊரறிந்த நகைச்சுவை. இந்த இரண்டு ஆய்வுகளையும் படித்தால் அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ்

வகுப்பில் சேர்த்தாகிவிட்டது, பிள்ளையை அதில் எப்படித் தக்கவைப்பது? கோப்பை, பெல்ட், லெவல் சான்றிதழ் என்று ஒரு தொழிலே இதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலைப் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் செய்து 1973-ல் வெளியிட்ட சோதனையை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் கொண்ட குழந்தைகளைத் தேர்ந்து மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், ‘வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை.

ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டு மறைந்திருந்து கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதியோடு எழுந்துவிட்டார்கள். பிடித்து ஆடிய விளையாட்டு கூலி வேலையாகிவிட்டது; கூலி நின்றதும் வேலையும் நின்றது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. ஆகவே பாராட்டுவதில் தவறில்லை. பரிசைக் காட்டி இழுப்பதில்தான் சிக்கல். பிள்ளை தானாக விரும்பிச் செய்வதற்கு விலை பேசாமல் இருப்பது நல்லது.

எழுதப்படாத நேரம்

திங்கள், புதன் செஸ். செவ்வாய், வியாழன் பாட்டு. வெள்ளி ஹிந்தி. சனி, ஞாயிறு நீச்சல். ஒவ்வொன்றும் நல்லதுதான், கூட்டித்தான் பார்ப்பதில்லை. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு வயதுக் குழந்தைகள் 70 பேரின் ஒரு வார நாட்குறிப்பைப் பெற்றோரிடம் வாங்கி, நேரத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பெரியவர் சொல்லிச் செய்யும் நேரம் ஒன்று. குழந்தை தானே தீர்மானித்துச் செய்யும் நேரம் மற்றொன்று. 2014-ல் வெளிவந்த முடிவின்படி, இரண்டாவது வகை நேரம் அதிகம் வாய்த்த குழந்தைகள், யாரும் நினைவூட்டாமலே தங்கள் வேலையைத் தாங்களே ஒழுங்குபடுத்தும் திறனில் முன்னே இருந்தார்கள். இது குலுக்கல் ஆய்வு அல்ல, ஆகவே காரணத்தை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தர்க்கம் தெளிவு. அடுத்து என்ன செய்வது என்று தானே முடிவெடுக்க வாய்ப்பே வராத பிள்ளை, முடிவெடுப்பதை எங்கே பழகும்? தெருவில் நான்கு பேர் சேர்ந்து, இருக்கிற மூன்று குச்சியையும் ஒரு பந்தையும் வைத்து விதிகளை அவர்களே வகுத்து, சண்டை போட்டு, சமாதானமாகி ஆடும் ஒரு மணி நேரத்தில் இந்தப் பழக்கம் நடக்கிறது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்று 2024-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஆயிரக்கணக்கான மாணவர்களின் நாட்குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டது. வீட்டுப்பாடம், டியூஷன், மற்ற வகுப்புகள் எல்லாம் சேர்த்துக் கடைசியாகத் திணித்த ஒரு மணி நேரத்தால் படிப்பில் கூடுவது ஏதும் இல்லை; மனநலத்தில் குறைவதுதான் மிச்சம். பெரிய வகுப்புகளில் இது கடுமை என்றாலும், பழக்கம் தொடங்குவது தொடக்கப் பள்ளியில். அந்தக் கடைசி மணி நேரம் பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான் பிடுங்கப்படுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் கழகம். பகலில் கற்றதை மூளை தூக்கத்தில்தான் நிலைப்படுத்துகிறது. ஆகவே ஒன்பது மணிக்கு முடியும் வகுப்பு தன் பயனைத் தானே தின்றுவிடுகிறது. ஒரே விளையாட்டில் சின்ன வயதிலேயே முழுமூச்சாக இறக்குவது பற்றியும் குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அதைப் பதினைந்து, பதினாறு வயதுவரை தள்ளிப்போடச் சொல்கிறது. வளரும் எலும்பின் முனைகள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பத் தாங்குவதில்லை, மனமும் சலித்துப்போகிறது.

பரமபதம் போதும்

கணக்குக்கு உதவும் வகுப்பு வேண்டும் என்பவர்களுக்கு, தார்ன்டைக்கின் விதி ஒரு வழியும் காட்டுகிறது: கணக்கோடு பொதுவான அம்சம் உள்ளதைக் கொடுங்கள். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு பலகை விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒரே வரிசையில் ஒன்று முதல் பத்துவரை எண்ணிட்ட கட்டங்கள். காயை நகர்த்தும்போது கட்டத்தின் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். கால் மணி, இருபது நிமிடம் வீதம் நான்கே தடவை ஆடிய நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளின் எண்ணறிவு கூடியது. ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் தீட்டிய பலகையில் ஆடியவர்களுக்கு ஒன்றும் இல்லை. பலகையல்ல, பலகையில் இருக்கும் எண்தான் வேலை செய்கிறது.

பிறகு சீக்லரும் எலைடா லாஸ்கியும் நூறு கட்டப் பலகைக்குப் போனார்கள். நம் வீட்டுப் பரமபதத்துக்குப் பாம்பும் ஏணியும் இல்லாத தம்பி அது. அதில் ஒரு நுட்பம் வெளிப்பட்டது. காய் 37-ல் நிற்கிறது, மூன்று விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணி நகர்த்திய குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை. ‘முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது’ என்று நிற்கும் இடத்திலிருந்து எண்ணியவர்களே எண் வரிசையின் பரப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டியோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து, ‘கட்டத்தைப் பார்த்துச் சொல்லுடா’ என்று திருத்தினால் போதும். செலவு ஒரு தாள்.

பெரிய அளவிலும் இதற்கு உதாரணம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. அந்தந்தத் தெருவில் வசிக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை, பாட்டு, விளையாட்டு வழியாக எழுத்தையும் எண்ணையும் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஊரகத் தமிழகத்தில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகள் காரணம். எழுத்தைக் கற்பித்தார்கள், எழுத்து வந்தது. மூளையை எழுப்புவதாக யாரும் சொல்லவில்லை.

எதைத் தேர்வது?

வகுப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும். ஒன்று, இந்த வகுப்பால் வேறு எந்தப் பலனும் வராது என்று உறுதியாகத் தெரிந்தாலும் பிள்ளை இதைக் கற்க வேண்டும் என்று விரும்புவீர்களா? சிலம்பமோ வீணையோ செஸ்ஸோ, அதற்காகவே கற்கத் தகுந்தது என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். வாழ்நாள் முழுக்கக் கூடவரும் ஒரு கலைக்குக் கணக்கு மதிப்பெண் சிபாரிசு தேவையில்லை. இரண்டு, வீட்டுக்கு வந்தபின் யாரும் சொல்லாமல் பிள்ளை அதை எடுத்துப் பார்க்கிறதா? இரண்டு மாதமாகியும் இல்லையென்றால் ஆசிரியரை மாற்றிப் பார்க்கலாம். பிறகும் இல்லையென்றால் வகுப்பை. மூன்று, இதற்குப் பின்னும் ஓட ஒரு மணி நேரமும், சும்மா இருக்கக் கொஞ்ச நேரமும், முழுத் தூக்கமும் மிஞ்சுகிறதா?

இந்த மூன்றாவது கேள்வியில்தான் எல்லாக் குழந்தைகளும் சமம். கட்டணம் கட்டிக் கிடைக்கும் வகுப்புகள் கற்றுத்தருவதைக் கற்ற இடத்திலேயே விட்டுவிடுகின்றன. உடலெங்கும் மனமெங்கும் பரவும் பலனைத் தருபவை ஓட்டம், வெளிச்சம், தூக்கம், கூட்டாளிகளோடு ஆட்டம். அவற்றுக்குக் கட்டணம் இல்லை. அபாகஸ் வகுப்புக்கு அனுப்ப வசதியில்லையே என்று ஏங்கும் வீட்டுப் பிள்ளைக்கும், தூக்கம் தவிர மற்றவற்றைக் கொடுக்கக்கூடிய இடம் பள்ளி. கால அட்டவணையில் அதற்கென்று ஒரு பீரியட் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அதைக் கணக்குக்குக் கடன் கொடுக்காமல் இருந்தால், கணக்குக்கும் அது நல்லது.